புது பேட், புது டிஸ்க், அப்புறமும் கீச்சு: எதை முதலில் செய்வது?

காரின் முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) புது பேடும் (அந்தத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) போட்டு மூன்றாவது நாள். கோவை காந்திபுரத்தில் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கப் போகிற கடைசி நான்கைந்து அடியில் 'கீ...ச்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற ஆட்டோ அண்ணன் தலையை நீட்டி, "பிரேக் தேஞ்சு போச்சு போல, பாத்துக்கங்க சார்" என்றார். மாற்றியே மூன்று நாள்தான் ஆகிறது என்று அவரிடம் என்னத்தைச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வாரம் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று விதமாகச் சொன்னார்கள். மாட்டிக் கொடுத்த மெக்கானிக், "ஓட ஓட சரியாயிடும்" என்றார். இன்னொரு ஒர்க்‌ஷாப்பில், "பேட் சரியில்லை, வேற கம்பெனி போட்டுடலாம்" என்றார்கள். இரும்பைக் கடையும் லேத் வைத்திருக்கும் நண்பர், "டிஸ்க்கைக் கழட்டிட்டு வா, லேசா ஒரு கட்டிங் போட்டுத் தர்றேன்" என்றார். நான்காவதாக ஒரு வழி உண்டு: எதையும் வாங்காமல், மாட்டியதைக் கழற்றி, சுத்தம் செய்து, ஒழுங்காகத் திரும்ப மாட்டுவது. அதை யாரும் சொல்லவில்லை. அதில் யாருக்கும் பெரிய வரும்படி இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த நான்கில் எதுவும் தவறான வைத்தியம் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சத்தத்துக்குச் சரியான மருந்துதான். நம்முடைய சத்தம் எது என்று தெரியாமல் மருந்தை எடுப்பதில்தான் காசு போகிறது.

முதலில் காதைத் தீட்டுங்கள்

ஒரு நாள் முழுக்க, சத்தம் எப்போது வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மிதித்தால் மட்டும் வருகிறதா, மிதிக்காமலே வருகிறதா? காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமா, நாள் முழுக்கவா? முன்னால் போகும்போதா, ரிவர்ஸிலா?

மிதிக்காதபோது வந்து, மிதித்ததும் நின்றுவிடுகிற சத்தம் என்றால் ஏதோ ஒன்று சும்மா இருக்கும்போதே டிஸ்க்கை உரசுகிறது. டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகட்டு மறைப்பு ஒன்று இருக்கும். வேலை செய்யும்போது கைபட்டு அது வளைந்திருக்கலாம். கையாலேயே நிமிர்த்திவிடலாம். பேடின் ஓரத்தில் வேர் இண்டிகேட்டர் என்கிற சின்னத் தகட்டு நாக்கு உண்டு. பேட் ஏறக்குறைய 2, 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த பிறகு டிஸ்க்கில் பட்டுக் கத்தி நம்மை எச்சரிப்பது அதன் வேலை. உள்பக்கத்துப் பேடை வெளிப்பக்கம் மாட்டினாலோ, நாக்கு வளைந்துபோனாலோ புதுப் பேடிலேயே அது கத்தத் தொடங்கிவிடும்.

காலையில் முதல் சில மிதிக்கு மட்டும் என்றால் அது துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு. மழையிலோ பனியிலோ ஓர் இரவு நின்றாலே மேலே செம்மண் நிறத்தில் ஒரு படலம் பிடித்துவிடும். தெருமுனை தாண்டுவதற்குள் பேட் அதைத் துடைத்துவிடும். இதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாகப் போய் மிதியுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அடுத்த முறை எதிர்த்திசையில் வாருங்கள். இடமா வலமா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனையைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பலவற்றுக்கு முன்னால்தான் டிஸ்க், பின்னால் டிரம், அதாவது ஷூ என்கிற கட்டைகள் உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் இரும்புக் கிண்ணம். ஆள் இல்லாத இடத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அப்போதும் அதே சத்தம் வந்தால் முன்னால் நீங்கள் மாற்றிய எதற்கும் அதில் சம்பந்தமில்லை. என் சித்தப்பா இப்படித்தான் ஒரே வருடத்தில் முன்பக்கப் பேடை இரண்டு தடவை மாற்றினார். கடைசியில் பின் டிரம்மைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு கை அளவு கருந்தூள் கொட்டியது. தூளைத் துடைத்து, ஷூ உட்காரும் இடங்களில் துளி கிரீஸ் வைத்ததும் சத்தம் போயே போய்விட்டது.

புதுசு ஏன் கத்துகிறது?

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதும்போது சாக்குக்கட்டி திடீரென்று 'கிறீச்' என்று பல்லைக் கூசவைக்குமே, அதேதான் இது. சாக்குக்கட்டி பலகையில் ஒட்டுகிறது, வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒரு நொடிக்குள் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கும்போது காதுக்கு அது ஒரு சுருதியாகக் கேட்கிறது. பிரேக்கின் கீச்சு பொதுவாக 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, 16,000 வரைக்கும் போகும். பேட் அதிர, அதோடு சேர்ந்து டிஸ்க் கோயில் மணி மாதிரி ஒலிக்கிறது.

சாக்குக்கட்டியை வாத்தியார் என்ன செய்வார்? பாதியாக உடைப்பார், அல்லது சாய்த்துப் பிடிப்பார். சத்தம் நின்றுவிடும். பிரேக்கிலும் அதே தந்திரம்தான். பேடின் ஓரத்தைச் சரிவாகச் சீவியிருப்பார்கள், நடுவில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள், முதுகில் ரப்பர் பூசிய மெல்லிய தகடு ஒட்டியிருப்பார்கள். அந்தத் தகட்டுக்குப் பெயர் ஷிம். எல்லாமே அதிர்வைக் குலைப்பதற்காக.

புதுசாக மாட்டியபோது பேடின் முகம் டிஸ்க்கோடு முழுதாகப் பொருந்தியிருக்காது. பழைய ஜோடிக்கு நடுவே, பேடிலிருந்து டிஸ்க்குக்கு ஏறிய மெல்லிய படலம் ஒன்று இருந்தது. பிடிமானம் சீராக இருப்பதற்கு அந்தப் படலமும் ஒரு காரணம். புது டிஸ்க்கில் அது இன்னும் ஏறவில்லை. இதோடு, டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் ஓர் எண்ணெய் தடவி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரோ, சோப்பும் வெந்நீருமோ போட்டு அதைக் கழுவாமல் அப்படியே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு.

விட்டுப் பிடிப்பது

"ஓட ஓட சரியாயிடும்" என்பது பாதி உண்மை. முதல் 200, 300 கிலோமீட்டருக்குள் வரும் லேசான கீச்சு தானாகவே போவது உண்டு. ஆனால் சும்மா ஓட்டினால் போதாது. அந்தப் படலம் சீராக ஏற, பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பின்னால் வண்டி வராத ஒரு நேர்ச்சாலை பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரைக்கும், அவசரமில்லாமல் ஆனால் நல்ல அழுத்தத்தோடு மிதித்து இறக்குங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். திரும்ப வேகம் எடுத்து, பிரேக் ஆற அரை நிமிடம் விட்டு, மறுபடியும். எட்டு முதல் பத்து தடவை. அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்தி மிதித்தபடியே நின்றால், பேட் பட்ட இடத்தில் மட்டும் படலம் திட்டாகத் தங்கிவிடும்.

செலவு, ஒரு லிட்டர் பெட்ரோல். அதனால் இதை முதலில் செய்து பார்ப்பதில் தவறே இல்லை, ஒரு நிபந்தனையோடு: பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும். பெடல் அமுங்கிப் போனாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, கருகல் வாடை அடித்தாலோ, கீச்சுக்குப் பதில் 'கரகர' என்று இரும்போடு இரும்பு அரைக்கிற சத்தம் வந்தாலோ விட்டுப் பிடிக்கிற பேச்சே வேண்டாம். அன்றைக்கே கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பழக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் நண்பன் வண்டி சாட்சி. வெள்ளிக்கிழமை புதுப் பேட் போட்டான். சனிக்கிழமை குடும்பத்தோடு வால்பாறை. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூன்றாவது கியரில், பிரேக்கில் காலை வைத்தபடியே இறக்கியிருக்கிறான். ஆழியாறு வந்து சேரும்போது நான்கு தெரு தள்ளிக் கேட்கிற மாதிரி கத்தல். பேடைக் கழற்றினால் முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிப்போயிருந்தது. மேலோட்டமான பளபளப்பு என்பதால், சமமான இடத்தில் 80 நம்பர் உப்புத்தாளை விரித்து, அதன் மேல் பேடைத் தேய்த்து முகத்தை எடுத்தோம், டிஸ்க்கையும் லேசாக உரசினோம். பிழைத்துக்கொண்டது. பேடில் வெடிப்போ, ஓரத்தில் பொருக்கு உதிர்வதோ இருந்திருந்தால் தூக்கிப் போட்டிருக்க வேண்டியதுதான். மலையிறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது எஞ்சினுக்காக மட்டும் அல்ல.

கழற்றி மாட்டுவது

என் வண்டியில் பழக்கிப் பார்த்தும் கீச்சு போகவில்லை. சக்கரத்தைக் கழற்றினேன். காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது.

பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதிக்குப் பெயர் காலிப்பர். பேடின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு காடிக்குள் உட்காரும். அந்தக் காடியில் ஸ்டீல் கிளிப் ஒன்று இருக்கும். என் வண்டியில் புதுப் பேடோடு பெட்டியில் வந்த புதுக் கிளிப்புகளைப் போடாமல், பழைய, தளர்ந்துபோன கிளிப்புகளையே விட்டிருந்தார்கள். அதற்கு அடியில் துரு மேடிட்டுப் பேடை ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தது. ஷிம்? அதைக் காணவே இல்லை. பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டும். பேட் ஒரு பக்கம் சிக்கி, மறுபக்கம் ஆடிக்கொண்டிருந்தால் கத்தாமல் என்ன செய்யும்? பாகத்தில் குறையே இல்லை. மாட்டிய விதத்தில்தான் குறை.

இதைச் செய்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கி வைக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். கருந்தூளை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது. சில மலிவான பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காடியைக் கம்பி பிரஷ் கொண்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, புதுக் கிளிப் போட்டால் பேட் கையால் தள்ள நகர வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது.

அடுத்து, காலிப்பர் நகர்வதற்கான இரண்டு பின்கள். உருவிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் உள்பக்கப் பேட் ஒரு மாதிரி, வெளிப்பக்கப் பேட் ஒரு மாதிரித் தேயும், கத்தும். இதற்குச் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் டப்பா டப்பாவாக இருக்கும் சாதாரண மஞ்சள் கிரீஸைப் போட்டால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் ஊறி உப்பிப் பின்னையே பிடித்துக்கொள்ளும். நல்லது செய்யப் போய் கெடுத்த கதை ஆகிவிடும். பேடின் முதுகில், அதைத் தள்ளும் பிஸ்டன் தொடும் இடத்திலும் காதுகளிலும் மட்டும், சூடு தாங்குகிற பிரேக் கிரீஸை மெலிதாகப் பூசலாம். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு சொட்டுப் பட்டாலும் அந்தப் பேட் அவ்வளவுதான். சத்தம் வருகிறதென்று டிஸ்க்கில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தவரை நானே பார்த்திருக்கிறேன். சத்தம் நின்றது. பிரேக்கும் நின்றது.

மாட்டி முடித்ததும், வண்டியை எடுப்பதற்கு முன்னால் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டன் உள்ளே போயிருக்கும். முதல் மிதி பாதாளத்துக்குப் போகும்.

இந்த வேலைக்கு எனக்கு ஆன செலவு ஒரு செட் கிளிப், ஷிம், ஒரு சின்னக் குழாய் கிரீஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே கூலி கொடுத்துச் செய்தாலும் ஒரு பேட் செட் விலைக்குக் கீழேதான் முடியும். இதைவிட முக்கியமானது, இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. காரணம் வேறாக இருந்தாலும், கழற்றியபோதே அது தெரிந்துவிடும். அதனால் என் வரிசையில் பழக்கிப் பார்ப்பதற்கு அடுத்த இடம் இதற்குத்தான். மற்ற இரண்டும் இதற்குப் பிறகு.

பேடை மாற்றுவது

கிளிப், ஷிம், பின் எல்லாம் சரி, பழக்கியும் ஆயிற்று, இன்னும் கத்துகிறதென்றால் பேடின் ரகத்தைச் சந்தேகிக்கலாம். கடையில் "நல்ல பேட் கொடுங்க" என்று கேட்பதால் பயனில்லை. என்ன கலவை என்று கேட்க வேண்டும். ஆர்கானிக் பேட் மெத்தென்று பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கையும் அதிகம் தின்னாது. ஆனால் சீக்கிரம் தேயும், மலையிறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். செமி மெட்டாலிக்கில் இரும்பு நாரும் மற்ற உலோகங்களும் எடையில் ஏறத்தாழ 30 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். சூட்டைத் தாங்கும், சுமையோடு மலையேறுகிறவர்களுக்கு நம்பிக்கையானது. கொஞ்சம் கத்தத்தான் செய்யும், அது அதன் சுபாவம். செராமிக் சத்தமும் தூளும் குறைவானது, விலை கூடுதல், எல்லாச் சின்னக் கார்களுக்கும் கிடைப்பதில்லை.

வாரம் முழுக்க ஊருக்குள் ஓடுகிற வண்டிக்குச் செமி மெட்டாலிக் போட்டுவிட்டுச் சத்தத்தைப் பற்றிப் புலம்புவதில் அர்த்தமில்லை. எதைப் போடுவது என்று தெரியாவிட்டால் கார்க் கம்பெனி போட்டு அனுப்பிய அதே ரகத்துக்குத் திரும்புவதே பத்திரம். அந்தக் காலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் எது கத்தாது என்று அவர்கள் சோதித்துப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். ரகம் மாற்றினால், பழைய பேடின் படலத்தை டிஸ்க்கிலிருந்து உப்புத்தாளால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பழக்க வேண்டும். இதை மறந்தால் புதுப் பேடும் கத்தும், அப்புறம் அதையும் திட்டுவோம்.

லேத்துக்குப் போவது

கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே எதற்கெடுத்தாலும் 'ஒரு கட்டிங் போடு' என்பது இங்கே பழக்கமாகிவிட்டது. என் நண்பர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் புது டிஸ்க்கைக் கடைய வேண்டிய தேவை மிக அரிது. டிஸ்க் ஆட்டம், அதாவது டிஸ்க் நேராகச் சுற்றாமல் பக்கவாட்டில் ஆடுவது, வேறு நோய். அதன் அறிகுறி, பெடல் காலுக்குக் கீழே துடிப்பதும் ஸ்டீயரிங் உதறுவதும். அதுகூட மாட்டிய மறுநாளே தெரியாது. ஆட்டமுள்ள டிஸ்க்கை பேட் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தொட்டு, சில ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் ஏறுக்குமாறான பிறகுதான் உதறல் வரும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை 'கீச்... கீச்...' என்று தாளம் போட்டால் மட்டும் ஆட்டத்தைச் சந்தேகியுங்கள்.

அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது ஹப். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் ஒரு துருப்பொருக்கு, டிஸ்க்கின் விளிம்பில் பெரிய ஆட்டமாகத் தெரியும். அதைத் தேய்த்துவிட்டு, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால், பல கார்களுக்கு அனுமதி 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள். சரியான எண் உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஹப் சுத்தமாக இருந்தும் அதைத் தாண்டினால், புது டிஸ்க் என்கிறபோது கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், கடையாதீர்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். புதியதற்கும் அதற்கும் நடுவே பொதுவாக 2 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அந்த 2 மில்லிமீட்டர்தான் டிஸ்க்கின் ஆயுள். முதல் வாரத்திலேயே லேத்தில் அதைச் சுருளாக உதிர்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. மற்ற எல்லா வைத்தியத்தையும் பின்வாங்கலாம், இதை முடியாது. அதனால் இது எனக்குக் கடைசி.

சக்கர நட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி முடுக்கினாலும் டிஸ்க் கோணலாக உட்காரும். எதிரெதிராக, கையால், ஒரே அளவு முடுக்கச் சொல்லுங்கள்.

காலிப்பரையே மாற்றச் சொன்னால், ஒரு சோதனை செய்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் பிஸ்டன் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் வரும் குழாயான ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி இருந்தால், கீச்சுக்காக மட்டும் காலிப்பர் வாங்கத் தேவையில்லை.

என் வண்டி இப்போது சிக்னல்களில் சத்தமில்லாமல் நிற்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும், ரிவர்ஸ் எடுத்து வாசலைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை கத்தும். கேட்டைச் சாத்த வரும் அம்மா, "எந்திரிச்சிருச்சு" என்பார். அதை நான் ஒன்றும் செய்யவில்லை.